அத்தையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை: குழந்தை எப்படிக் கூப்பிடும்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவர் பெண்ணாக வளர்க்கப்பட்டவர். தான் பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை என்று இரண்டு வருடம் முன்பு வீட்டில் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் அழுகை, கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருந்தது, அப்புறம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். இப்போது கேள்வி கேட்டவரின் மகளுக்கு இரண்டரை வயது. பேச்சு நன்றாக வந்துவிட்டது. "அத்தை" என்று சொல்லிக்கொடுத்தால் அவர் முகம் வாடுகிறது. "சித்தப்பா" என்றாலும் அவருக்கு ஒட்டவில்லை. மாமியார் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்: "பேரு எதுனா வெச்சிக்கோங்க. முறை இன்னான்னு மொதல்ல சொல்லுங்க."

இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வந்திருக்கிறது. பதினோரு வயதில் தாயை இழந்த இந்தப் பெண்ணை வளர்த்தவர், அம்மாவோடு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர். ரத்த சொந்தம் கிடையாது. சடை பின்னி விட்டதிலிருந்து கல்யாணத்துக்கு முன்னால் நின்றது வரை எல்லாம் அவர்தான். அவரை இன்றைக்கும் "அங்கிள்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வார்த்தை பத்தவில்லை என்கிறார்.

நான் குடியாத்தத்தில் பிறந்தவள், 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். என்னிடம் படித்த பிள்ளைகள் வீட்டில் இதே பேச்சு வந்தபோது கூட உட்கார்ந்திருக்கிறேன். என் சொந்த வாழ்க்கையிலும் இதன் ஒரு பக்கம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். இங்கிலீஷில் அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டே வார்த்தை. அதில் ஆண் பெண் என்பதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நம் உறவுப் பெயர் அப்படி அல்ல. அதற்குள் நான்கு செய்தி மடித்து வைத்திருக்கிறது. அப்பா வழியா அம்மா வழியா, மூத்தவரா இளையவரா, ஆணா பெண்ணா, அவர் பிள்ளைகள் நமக்குக் கூடப்பிறந்த முறையா கட்டிக்கிற முறையா. இதில் மூன்றாவதைத் தொட்டால் நான்காவது தானாக மாறிவிடும். அப்பாவின் தம்பி சித்தப்பா, அவர் பிள்ளைகள் உங்கள் மகளுக்கு அண்ணன் தங்கச்சி. அதே அப்பாவின் தங்கை அத்தை, அவர் பிள்ளைகள் அத்தை மகன், அத்தை மகள் என்று கல்யாணப் பேச்சுக்குள் வந்துவிடுவார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஆண் பெண் என்ற ஒரு வித்தியாசத்தில் வேறு வேறு கட்சியாகிவிடுகிறார்கள். அதனால்தான் உங்கள் மாமியாருக்கு, தன் பிள்ளை அத்தையும் இல்லை சித்தப்பாவும் இல்லை என்று கேட்டதும் தரை நழுவுகிற மாதிரி இருக்கிறது. அவர் தேடுவது பேத்திக்கும் தன் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பிடி.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரே வார்த்தை எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூப்பிடுகிற பேர் வேறு. "அவங்க உனக்கு என்ன வேணும்?" என்று ஊரார் கேட்டால் சொல்கிற பதில் வேறு. முறை வேறு. மூன்றையும் தனித்தனியாக முடிவு பண்ணலாம். இது புதுசாக நான் கண்டுபிடித்தது அல்ல, நம் வீடுகளில் காலம்காலமாக நடப்பதுதான்.

என் அம்மாவையே நான் "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பி தங்கைகள் நான்கு பேர் எங்கள் வீட்டில் இருந்து படித்தார்கள். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே காலையிலிருந்து ராத்திரி வரை "அக்கா, அக்கா" என்றே வீடு முழுக்கக் கேட்கும். எனக்கும் அதுவே நாக்கில் படிந்தது. யாரும் திருத்தவில்லை. ஆயாவை, அதாவது பாட்டியை, எல்லோரும் "அம்மா" என்றார்கள், நானும் அப்படியே. அம்மா கடைசியாகக் கண்ணை மூடியபோதும் நான் "அக்கா" என்றுதான் கதறினேன். நான் என் தாயைக் கூப்பிடுகிறேன் என்பது அந்தக் கூடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டிய ஆண்களைப் பாருங்கள். அக்கா மாமியாராகிவிடுகிறார், ஆனால் சாகும்வரை "அக்கா"தான். முறை மாறியது, கூப்பிடுகிற பேர் மாறவில்லை. அப்படியென்றால் கூப்பிடுகிற பேரை மாற்றிக்கொண்டு முறையை நாம் பேசி வைத்துக்கொள்வதும் முடியும்தானே. இதை மாமியாரிடம் இந்த உதாரணத்தோடு சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த நான்கு குடும்பத்தை அவரே எடுத்துச் சொல்வார்.

சரி, கூப்பிடுகிற பேர். இதை முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான், குடும்பத்திடம் அல்ல. விசேஷ வீட்டில், பத்து பேர் நடுவில் கேட்காதீர்கள். நீங்கள் அவருக்கு அண்ணி, அந்த வார்த்தையில் மாற்றம் ஏதும் இல்லை, அது உங்களுக்கு ஒரு உரிமையைக் கொடுக்கிறது. சமையல்கட்டில் தனியாக இருக்கும்போது "பாப்பா உன்ன எப்டி கூப்டணும்னு நீ நெனைக்கிற?" என்று கேளுங்கள். சிலருக்கு உடனே பதில் இருக்கும். சிலர் மூன்று மாதம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் "பேர் சொல்லியே கூப்பிடட்டும்" என்பார்கள். நம் பக்கத்தில் பெரியவர்களைக் குழந்தை பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவாகப் படும், ஆனால் அவர் ஆசைப்பட்டால் அதுவே சரி. அவர் வேண்டாம் என்று சொன்ன வார்த்தையை மட்டும் மறுபடி மறுபடி முயற்சிக்காதீர்கள்.

மூன்று வருடம் முன்பு காட்பாடியில் என் பழைய மாணவன் வீட்டில் இதே விஷயம். அங்கேயும் அப்பாவின் கூடப்பிறந்தவர்தான், அங்கேயும் மூன்று வயதுக் குழந்தை. என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், தமிழ் டீச்சர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று. நான் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். "அத்தை"யின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி "அத்து" என்று வைக்கலாம் என்றேன். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. இலக்கணத்தில் அத்து ஒரு சாரியை. மரம் என்ற சொல்லோடு ஐ சேரும்போது நடுவில் வந்து நின்று "மரத்தை" என்று ஒட்டவைத்துக் கொடுக்கிறதே, அதுதான். தனக்கென்று ஆண்பால் பெண்பால் கிடையாது, இரண்டு பக்கத்தையும் சேர்ப்பதே வேலை. இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டு ஆயா கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அத்துன்னா அத்துப்போறது. சொந்தத்த அத்துவுட்ட மாதிரி கீது. வேணாம் கண்ணு."

கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. "அத்துவுட்டுட்டாங்க" என்றால் இந்த ஊரில் உறவை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். தன்னை வீடு வெட்டிவிடுமோ என்று பயந்து பல வருடம் வாய் திறக்காமல் இருந்த ஒருவருக்கு அந்தச் சத்தத்தைப் பேராக வைப்பதா? நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

அப்போது குழந்தை எழுந்து போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே பார்த்து, "மாடி! மாடி, சாப்ட வா!" என்று கத்தியது. அவர் மாடி அறையில் இருந்தார். பல நாளாகக் குழந்தை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்ததாம். பெரியவர்கள் யாரும் அதைப் பேராக எண்ணவில்லை. மேலேயிருந்து "இதோ வரேன்டா" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. அன்றைக்கே அது நிலைத்தது. அதற்கப்புறம் அவர்கள் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள், அங்கே மாடியே கிடையாது. பேர் மட்டும் மாடிதான்.

போன வருடம் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். புது டீச்சர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "யாரு கூட்டினு போக வருவாங்க?" "மாடி வருவாங்க." "மாடி உனக்கு என்ன வேணும்?" உறவைக் கேட்க நம்மிடம் இருக்கிற கேள்வியே அதுதான், என்ன வேணும். பிள்ளைக்கு அது அப்படி விழவில்லை. "எனக்கு மாடிதான் வேணும்" என்று சொல்லிவிட்டது. டீச்சர் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டதும், "அப்பாவோட கூடப்பொறந்தவங்க" என்றது. கூப்பிட ஒரு பேர், ஊருக்குச் சொல்ல ஒரு பதில், இரண்டும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் தனித்தனியாகத் தயாராக இருந்தன.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பேரை முதலில் வாய்விட்டுக் கத்திப் பாருங்கள். தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் எப்படிக் கேட்கிறது, கோபத்தில் சொன்னால் எப்படி இருக்கிறது, அதே ஒலியில் இந்த ஊர்ப் பேச்சில் வேறு அர்த்தம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு அகராதியைவிட வீட்டில் இருக்கிற வயதானவர் காது நல்லது. உதாரணமாக "அத்தா" என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பல முஸ்லிம் வீடுகளில் அது அப்பாவைக் கூப்பிடும் பேர், பக்கத்து வீட்டில் குழப்பம் வரும். "மாமு"வும் ஆண் பேர்தான். "பெரியப்பா, பெரியம்மா" இரண்டிலும் இருக்கிற வாலை வெட்டி "பெரி" என்று கூப்பிடுகிற வீடு ஒன்று தெரியும், அது நன்றாக ஒட்டிக்கொண்டது. "சின்னு"வும் அதே மாதிரி வரும். இந்த இரண்டிலும் ஒரு வசதி, கூடப்பிறந்த முறை வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது.

இடத்தை வைத்துப் பேர் சொல்வது நமக்குப் புதுசே இல்லை. ஆற்காட்டு அத்தை, மாடி வீட்டுப் பெரிம்மா, மண்டித் தெரு மாமா என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள்தான் நாம். பின்னால் இருக்கிற உறவுச் சொல்லை விட்டுவிட்டு முன்னால் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு சின்ன நகர்வு. ஆனால் அவர் உடம்பை, உடுப்பை, முடியை வைத்துப் பேர் வைக்காதீர்கள். குழந்தை அன்பாகச் சொன்னாலும் வெளியாள் அதையே கிண்டலாகத் திருப்பிவிடுவார்.

நம் பகுதிக்கு இன்னொரு பாக்கியம் உண்டு. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கேட்கும். அப்பாவை "நைனா" என்று கூப்பிடுகிற தமிழ் வீடுகள் எத்தனை! அந்த வார்த்தை தெலுங்கிலிருந்து வந்தது என்று யாராவது யோசிக்கிறோமா? அதே நைனாவைச் சின்னப் பையனைக் கொஞ்சவும் சொல்கிறோம். தெலுங்கில் மரியாதைக்குப் பின்னால் சேர்க்கிற "காரு" ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது பேசுகிற வீடுகளில் பாய்ஜான், அம்மிஜான் என்று இரண்டு பக்கமும் சேர்கிற "ஜான்" உயிர் என்று பொருள் தருவது. உங்கள் வீட்டில் எந்த மொழி காதில் விழுந்து பழகியதோ அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை.

பேர் கிடைக்கும்வரை என்ன செய்வது என்றால், தமிழ் உங்களைக் கைவிடாது. நான், நீ, நீங்க என்பதில் ஆண் பெண் கிடையாது. "கண்ணு" யாருக்கும் சொல்லலாம். அப்பா மகளைப் பார்த்து "சொல்லுப்பா" என்கிறார், அம்மா மகனைப் பார்த்து "என்னம்மா" என்கிறாள். பாலைக் குறிக்கப் பிறந்த சொற்களே அன்பு கூடும்போது அதை உதறிவிடுகின்றன. அவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேச "அவங்க வந்தாங்க, அவங்க சொன்னாங்க" போதும். எழுத்தில் "அவர் வந்தார்" பொதுவானதுதான், ஆனால் பேச்சில் "அவரு வந்தாரு" என்றால் நம் காதுக்கு ஆணாகத்தான் கேட்கும். அதனால் "அவங்க"தான் பாதுகாப்பு. ஒருவரைப் பன்மையில் சொல்வதா, இலக்கணம் இடிக்கிறதே என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலிலேயே இதற்கு இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒருவரைப் பன்மையால் கூறுவது நேரான இலக்கணம் அல்ல, ஆனால் வழக்கில் வந்த உயர்சொல் என்று அங்கே எழுதியிருக்கிறது. "அது", "இது" மட்டும் வேண்டாம். கைக்குழந்தையை "அது தூங்குது" என்று கொஞ்சுவோம். ஆனால் இப்படிப்பட்டவர்கள் மேல் அந்தச் சொல்லைக் கல்லாக எறிந்திருக்கிறார்கள், அந்த வலி அவருக்குத் தெரியும்.

ஊருக்குச் சொல்கிற பதிலுக்கு "கூடப்பிறந்தவங்க" ஒன்றே போதும். எழுத்தில் "உடன்பிறப்பு". மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த பிள்ளைகளிடம் நான் கேட்ட அழகான வார்த்தை "சகோதரம்". "எனக்கு ரெண்டு சகோதரம் டீச்சர்" என்பார்கள். அண்ணனா தங்கையா என்று நாம் கேட்டால்தான் பிரித்துச் சொல்வார்கள். பெரியவர்கள் பக்கத்திலிருந்து உங்கள் மகளைச் சொல்வதற்கும் பிள்ளை, குழந்தை, மாமியாருக்குப் பேரப்பிள்ளை, எல்லாமே பொதுச்சொல்தான் நம்மிடம். "சம்பந்தி"யில் ஆண் பெண் இருக்கிறதா என்ன? சுயமரியாதைக் கல்யாணப் பத்திரிகைகளில் "இணையர்" என்று அச்சடித்துப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அப்படித்தான்.

இனி முறை. அவருக்குப் பிள்ளை பிறந்தாலோ தத்து எடுத்தாலோ உங்கள் மகளுக்கு என்ன முறை என்பதுதானே மாமியாரின் கவலை? கூடப்பிறந்த முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழியிலும் முறை வருகிற சொந்தம் நம் குடும்பங்களில் நிறைய, அங்கெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் இருக்கிறார்கள். அண்ணன் தங்கச்சி என்று முடிவு செய்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அத்தையாகவும் நாத்தனாராகவும் செய்ய வேண்டிய சடங்கு? இங்கேதான் பல வீடுகளில் உண்மையான காயம் நடக்கிறது. பேர் மாறியதும் வேலையையும் பிடுங்கிவிடுகிறார்கள். தொட்டில் போடும்போது காதில் பேர் சொல்வது, கல்யாணத்தில் தாலியின் கடைசி முடிச்சைப் போடுவது, மஞ்சள் நீராட்டில் முதல் தண்ணீர் ஊற்றுவது, இதெல்லாம் அவருக்கு விருப்பமா என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு அந்தச் சடங்கே பெண்ணாக நிற்கச் சொல்வது போல இருக்கும், வேண்டாம் என்பார்கள். காட்பாடி வீட்டு மாடிக்கு அது வேண்டும். குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் ஒரு காது, மாடி மடியில் இன்னொரு காது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். முதல் காதுக்கு வீல் என்று அழுத பிள்ளை, இரண்டாவதுக்கு மாடியின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தது. ஆசாரி கேட்டார், "இவங்க யாரு, மாமனா?" ஆயாதான் பதில் சொன்னார்: "எங்க வூட்டுப் புள்ள. நீ குத்து." பத்திரிகை அடிக்கும்போது தாய்மாமன்மார்கள், அத்தைமார்கள் என்று கட்டம் பிரிக்காமல் "அன்புடன் அழைக்கும் உடன்பிறப்புகள்" என்று ஒரே தலைப்பில் எல்லோர் பேரையும் போட்டார்கள். அச்சகத்துக்கு அது ஒரு வரி மாற்றம். மாடி அந்தப் பத்திரிகையை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பொதுச்சொல் எல்லோருக்கும் வேண்டியது இல்லை. ஒரு திருநங்கை தன்னை "அக்கா" என்று கூப்பிடக் கேட்பதற்கு எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்! அவரிடம் போய் "உடன்பிறப்பே" என்று பொதுவாகப் பேசினால் கையில் கிடைத்ததைப் பறித்த மாதிரி. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் ஒரு திருநம்பிக்கு "சித்தப்பா" என்ற சொல்தான் விருந்து. பெற்ற வீடு துரத்திய திருநங்கைகள், ஜமாத் என்று அவர்கள் சொல்லும் தங்கள் கூட்டமைப்பில் அம்மா, மகள், நானி (பாட்டி) என்று தங்களுக்கென ஒரு குடும்பத்தையே கட்டிக்கொண்டார்கள். அங்கே ரத்தம் ஒரு சொட்டு சம்பந்தம் இல்லை. சொந்தம் என்பதைச் சொல்லால் உண்டாக்க முடியும் என்று நமக்கு முன்னால் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த இடத்திலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

நானும் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரும் 22 வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாள் ராத்திரி அவருக்கு நெஞ்சுவலி. கொண்டுபோன மருத்துவமனையில் கவுன்ட்டரில் கேட்டார்கள், "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" ஃபிரெண்ட் என்றேன். சொந்தக்காரங்க யாராவது வந்தால்தான் பேச முடியும் என்றார்கள். அரை மணி நேரம் நின்றுவிட்டு மறுபடி போய் "தங்கச்சி" என்றேன். கையெழுத்துப் போடப் பேப்பர் கொடுத்தார்கள். அவர் பிழைத்து வந்தார். ஆனாலும் அந்த ராத்திரி எங்கள் 22 வருடத்துக்கு ஒரு பேர் இல்லாமல் பொய் சொல்லி உள்ளே போக வேண்டியிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

சட்டமும் இதில் ஒரே நேர்கோட்டில் இல்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புக்காக 2019-ல் வந்த மத்தியச் சட்டம், குடும்பம் என்றால் ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து இவற்றால் சேர்ந்தவர்கள் என்று வரையறுக்கிறது. 2021-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவுகளைத் தொடர்ந்து பால்புதுமையினரை, அதாவது பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கமான கட்டத்துக்குள் அடங்காதவர்களை, மரியாதையாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது. ஒருவரை எப்படிக் குறிப்பது என்பதற்கு அது உதவும், படிக்கட்டுக்குக் கீழே நின்று எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு அல்ல. 2025 மே மாதம், நம் வேலூர் மாவட்டக் காவல்துறையும் எதிர்மனுதாரராக இருந்த ஓர் ஆட்கொணர்வு வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது என்று எழுதினார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் என் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கவுன்ட்டரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் நாமினியாகச் சொந்தக்காரர் அல்லாதவரையும் போடலாம், போட்டு வையுங்கள். மனநல சிகிச்சைக்கு 2017 சட்டப்படி யாரைத் தனக்காகப் பேசும் பிரதிநிதியாக வேண்டுமோ அவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம், அவர் உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்களை வளர்த்தவருக்குப் பேர் என்ன? அவர் உங்கள் அம்மாவோடு கம்பெனியில் இருந்தவர் என்கிறீர்கள். தொழிற்சங்கத்தில் இருந்திருந்தால் "தோழர்" என்ற சொல் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒலித்திருக்கும், உங்கள் அம்மா வாயிலிருந்தே. அம்மா கூப்பிட்ட பேரைப் பிள்ளையும் கூப்பிடுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது, நான் "அக்கா" என்று கூப்பிட்டேனே அது போல. தோழர் என்பதற்கு ஆண் பெண் இல்லை, வயது இல்லை, சாதி மதம் இல்லை. இல்லை, அது வெளியாள் மாதிரி இருக்கிறது, பெற்றவர் என்பதே அதில் வர வேண்டும் என்றால், தமிழில் "அம்மையப்பர்" என்று இருக்கிறது, "தாயுமானவர்" என்று இருக்கிறது. 1989 வரை நம் வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலையில், கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏற்றுகிற அந்த நேரத்தில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் வெளியே வந்து திரும்புகிறாரே, அந்தக் கூட்டத்தில் நான் நின்றிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் "அப்பா" என்று அழுதார், இன்னொருவர் "தாயே" என்றார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே முகத்தை. உங்களை வளர்த்தவர் சாமிப் பேரை விரும்பாதவராகவோ வேறு மதத்தவராகவோ இருக்கலாம், அப்படியென்றால் இது வேண்டாம். அவரிடம் "உங்கள அங்கிள்னு கூப்ட எனக்கு மனசு வரல" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் சொல்வார்.

எந்தப் பேர் வந்தாலும் முதல் மாதம் தடுமாறும். பெரியவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். மாமியார் வாயில் முப்பது வருடம் மகளாக இருந்தவர், தவறி "வாடி" என்று வந்துவிடும். உடனே சண்டை பிடிக்காதீர்கள், சரியாகச் சொல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். குழந்தையிடம் மாற்றிச் சொன்னதற்காகக் கோபப்படவே வேண்டாம், அது கலந்துதான் கூப்பிடும். அவர் எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்து அதையே பிடித்துக்கொள்ளும்.

அடுத்த ஜூனில் பாப்பாவை எல்.கே.ஜி.யில் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். விண்ணப்பத்தில் குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர் என்று ஒரு இடம் இருந்தால், அதில் அவருடைய முழுப்பேரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் "தந்தையின் உடன்பிறப்பு" என்று போடுங்கள். உங்களை வளர்த்தவர் பேரையும் கீழே சேர்த்து, "தாயின் பாதுகாவலர்" என்று எழுதுங்கள். முதல் நாள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் வகுப்பு டீச்சரிடம் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.